பம்பை நிரப்புவது யார்?

1960 செப்டம்பரில் 'ஆஸ்ட்ரோநாட்டிக்ஸ்' என்ற அமெரிக்க இதழில் ஒரு எலியின் படம் வெளியானது. எடை 220 கிராம். நியூயார்க் மாநிலத்து மனநல மருத்துவமனை ஒன்றின் ஆய்வுக்கூடத்து எலி அது. அதன் தோலுக்கடியில் ஒரு சின்னஞ்சிறு பம்பைப் புதைத்திருந்தார்கள். சவ்வூடு பரவலால் தானாக இயங்கும் பம்பு. எலி தூங்கினாலும் ஓடினாலும் தின்றாலும் அது பாட்டுக்கு ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக உடம்புக்குள் விட்டுக்கொண்டிருக்கும். எலிக்கு அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

கட்டுரையை எழுதியவர்கள் மான்ஃப்ரெட் கிளைன்ஸ், நேதன் கிளைன் என்ற இருவர். விண்வெளிக்குப் போகிறவன் பூமியின் காற்றையும் சூட்டையும் மூட்டை கட்டிக்கொண்டு போவானேன், அங்கே வாழும்படி உடம்பையே திருத்திவிட்டால் என்ன என்று கேட்டார்கள். உயிரைக் காக்கும் கருவிகளைப் பார்த்துக்கொள்வதிலேயே பொழுது போனால் மனிதன் இயந்திரத்துக்கு அடிமை. அந்த வேலையை உடம்புக்குள் புதைத்துவிட்டால் அவனுக்கு விடுதலை. இதுதான் அவர்கள் வாதம். 'சைபார்க்' என்ற சொல் பரவியது அந்தக் கட்டுரையால்தான்.

விடுதலை பெற்ற அந்த எலி கூண்டில் இருந்தது. பம்பில் மருந்தை நிரப்பியது எலி இல்லை.

எனக்கு அந்த எலி நினைவுக்கு வந்தது போன வருஷம், ஒரு பொறியியல் கல்லூரிக் கருத்தரங்கில். மேடையில் டிரான்ஸ்ஹியூமனிசம் பற்றிப் பேசிய இளைஞர் கெட்டிக்காரர். குரலும் நன்றாக இருந்தது. முதுமை விதி இல்லை, நோய் என்றார். மரணம் இனிமேல் தத்துவச் சிக்கல் இல்லை, பொறியியல் சிக்கல் என்றார். மூளையில் சில்லு, மரபணுவில் திருத்தம் என்று மனிதன் தன்னைத் தானே அடுத்த படிக்கு ஏற்றிக்கொள்ளப் போகிறான். ஒரே கிரகத்தை நம்பியிருக்கும் இனம் என்றைக்கானாலும் அழியும்; ஆகவே செவ்வாய். கடைசியில், இதெல்லாம் அரசியலைத் தாண்டின விஷயம், அரசியல்வாதிகளுக்குப் புரிவதற்குள் நாம் அங்கே போயிருப்போம் என்று முடித்தார். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. நானும் தட்டினேன், பொய் சொல்லவில்லை. பேச்சு அப்படி.

இந்தப் பேச்சை இன்று யூடியூபிலும் கேட்கலாம், ஞாயிறு இணைப்பிதழிலும் படிக்கலாம். எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். 'இயற்கைக்கு விரோதம்' என்பார்கள். அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் பிரான்சிஸ் ஃபுகுயாமா 2004இல் இதை உலகின் மிக ஆபத்தான கருத்து என்றார். மனித இயல்பில் கைவைத்தால் சமத்துவம் சரிந்துவிடும் என்பது அவர் பயம். எனக்கு அந்த வகைப் பயம் இல்லை. மூக்கில் கண்ணாடி, கடைவாயில் இரண்டு பல் அடைத்தவை. திருத்தாத உடம்பு என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. என் சண்டையெல்லாம் அந்த இளைஞரின் கடைசி வாக்கியத்தோடுதான். உடம்புக்குள் கருவி போகப் போக, பூமியை விட்டு மனிதன் தள்ளிப் போகப் போக, அவன் மேல் மற்றவர்களின் பிடி இறுகத்தான் செய்யும். அரசியல் விலகாது, தோலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சித்தப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்து எட்டு வருஷம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செக்கப். பேஸ்மேக்கர் கம்பெனியிலிருந்து ஒரு பையன் லேப்டாப் மாதிரிப் பெட்டியோடு வருவான், நெஞ்சில் வட்டமாக ஒன்றை வைப்பான், திரையைப் பார்ப்பான். "பேட்டரி இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும் சார்" என்று அவன் சொன்னால்தான் அன்றைக்குச் சித்தப்பாவுக்குச் சோறு இறங்கும். பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஊரையே அதட்டியவர். அந்தப் பையனை மட்டும் "வாங்க தம்பி, உட்காருங்க தம்பி" என்பார்.

அந்தத் தம்பி ஒருநாள் வராமல் போனால்? இது கற்பனைக் கேள்வி இல்லை. ஆர்கஸ் 2 என்று ஒரு செயற்கைக் கண் இருந்தது. விழித்திரை பழுதாகிப் பார்வை போனவர்களுக்காகக் கலிஃபோர்னியாவின் செகண்ட் சைட் நிறுவனம் செய்தது. கண்ணாடியில் ஒரு கேமரா, இடுப்பில் ஒரு பெட்டி, விழித்திரையின் மேல் 60 மின்முனைகள். 2013இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. உலகம் முழுக்கச் சுமார் 350 பேர் பொருத்திக்கொண்டார்கள். முழுப் பார்வை இல்லை. கதவு எது, சுவர் எது என்று தெரிகிற அளவுக்கு மங்கலான வெளிச்சப் புள்ளிகள். இருட்டில் கிடந்தவர்களுக்கு அதுவே பெரிது. 2019இல் நிறுவனம் அதன் உற்பத்தியை நிறுத்தியது, அடுத்த ஆண்டு திவாலின் விளிம்புக்குப் போயிற்று. கண்ணைப் பொருத்திக்கொண்டவர்களுக்கு உதிரிபாகம் இல்லை, பழுது பார்க்க ஆள் இல்லை. நிறுவனம் நன்றாக ஓடிய நாளிலேயே ஒரு பெண்ணுக்கு நடந்தது இது: நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில் வண்டி மாறப் படியிறங்கப் போனார். பீப் சத்தம் கேட்டது. கண் அணைந்தது. செத்துப்போன கருவி அவர் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. எடுக்க அறுவை செய்தால் அதில் வேறு ஆபத்து.

2024 ஜனவரியில் நியூராலிங்க் முதன்முதலாக ஒரு மனிதரின் மூளையில் சில்லு வைத்தது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த அந்த இளைஞர் நினைத்த மாத்திரத்தில் கணினியில் சதுரங்கம் ஆடினார். அவருக்கு அது வரம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சில வாரங்களில் மூளைக்குள் விட்ட இழைகளில் பெரும்பாலானவை இடம் பெயர்ந்தன. நிறுவனம் மென்பொருளை மாற்றி எழுதிச் சமாளித்தது. ஒருவருடைய எண்ணத்துக்கும் அவர் செயலுக்கும் நடுவே இப்போது ஒரு கம்பெனியின் அப்டேட் நிற்கிறது. இதை அரசியலைத் தாண்டிய விஷயம் என்றால், தாண்டாத விஷயம் எது?

கருத்தரங்கில் பேசிய இளைஞருக்குத் தான் பேசும் கொள்கை பிறந்த கதையே தெரியாது என்று தோன்றுகிறது. விண்வெளியையும் சாகாமையையும் முதலில் ஒரே முடிச்சில் கட்டியவர் பணக்காரர் இல்லை, மாஸ்கோவில் ருமியான்ட்செவ் அருங்காட்சியகத்தின் நூலகர் நிகோலாய் ஃபியோதரொவ் (1829-1903). பெட்டி மேல் படுத்துத் தூங்கி, டீயும் ரொட்டியுமாகக் காலம் தள்ளி, சம்பளத்தை இல்லாதவர்களுக்குக் கொடுத்த மனிதர். சாவை ஒழிக்க வேண்டும் என்பதோடு அவர் நிற்கவில்லை. இதுவரை செத்தவர்கள் அத்தனை பேரையும் அறிவியலால் எழுப்பியாக வேண்டும் என்றார். தகப்பன் பாட்டன் எலும்புகளின் மேல் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகள் மட்டும் முன்னேற்றத்தை அனுபவிப்பது அநியாயம் என்பது அவர் அறம். எழுந்து வருகிற கோடானுகோடிப் பேரைப் பூமி தாங்காதே? அதற்குத்தான் மற்ற கிரகங்கள். விண்வெளிக் குடியேற்றம் என்ற கனவு, இறந்தவர்களுக்கு வீட்டுமனை ஒதுக்கும் திட்டமாகத்தான் தொடங்கியது!

பைத்தியக்காரத்தனம்தான். அவர் ஜார் ஆட்சியை ஆதரித்தவர் என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனால் அவர் கணக்கில் ஒரே ஒரு ஆள்கூட விடுபடவில்லை. அவர் வேலை பார்த்த நூலகத்தில் வந்து படித்த, காது சரியாகக் கேட்காத ஏழைப் பையன் ஒருவன்தான் பின்னாளில் ராக்கெட் சமன்பாட்டைத் தந்த சியால்கோவ்ஸ்கி. அந்தச் சமன்பாடு அச்சில் வெளியான 1903இல்தான் கிழவர் ஃபியோதரொவ் இறந்தார்.

அடுத்து வந்தவர் போல்ஷ்விக்குகளில் ஒருவராக இருந்த அலெக்சாண்டர் போக்தானொவ். செவ்வாயில் பொதுவுடைமைச் சமுதாயம் இருப்பதாக 1908இல் நாவல் எழுதினார். 1926இல் மாஸ்கோவில் ரத்தமாற்று ஆய்வு நிலையம் தொடங்கினார். கிழவன் இளைஞனுக்குக் கொடுப்பான், இளைஞன் கிழவனுக்குக் கொடுப்பான், இருவரும் பலம் பெறுவார்கள் என்பது நம்பிக்கை. 1928இல் காசமும் மலேரியாவும் இருந்த ஒரு மாணவனோடு ரத்தம் மாற்றிக்கொண்டார். மாணவன் பிழைத்தான், இவர் செத்தார். 2023இல் அமெரிக்கத் தொழிலதிபர் பிரையன் ஜான்சன் தன் பதின்வயது மகனின் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்துத் தனக்கு ஏற்றிக்கொண்டார். பலன் தெரியவில்லை என்று பிறகு நிறுத்திவிட்டார். தன்னுடையதைத் தன் அப்பாவுக்குக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு இடத்திலும் ஓடியது ரத்தம்தான். அங்கே ஊர் பேர் தெரியாத மாணவனோடு கொடுக்கல் வாங்கல், இங்கே மூன்று தலைமுறைக் குடும்பச் சொத்து.

நம் ஊரிலும் இந்தக் கனவு உண்டு. பெரியார் 1940களில் 'இனிவரும் உலகம்' என்று பேசியபோது, சோதனைக்குழாயில் பிள்ளை பிறக்கும், ஒவ்வொருவர் பையிலும் கம்பியில்லாத் தந்தி இருக்கும், ஆயுள் நீளும் என்றெல்லாம் சொன்னார். அதே மூச்சில் ஆண்டான் அடிமை இருக்காது, பிள்ளை பெறுவதற்காகப் பெண் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். கருவி எது என்பதும் அது யாரை எதிலிருந்து விடுவிக்கும் என்பதும் அவருக்கு ஒரே கேள்வி. இன்று முதல் பாதியை மட்டும் கத்தரித்து எடுத்து, 'தீர்க்கதரிசி பாருங்கள்' என்று பகிர்கிறார்கள்.

இந்தப் பரம்பரை முழுக்கப் புனிதம் என்று நான் சொல்லவில்லை. 'டிரான்ஸ்ஹியூமனிசம்' என்ற சொல்லை 1957இல் கட்டுரைத் தலைப்பாக வைத்துப் பரப்பிய ஜூலியன் ஹக்ஸ்லி யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநர்; அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டிஷ் இனமேம்பாட்டுச் சங்கத்துக்கும் தலைவராக இருந்தார். யாரைப் பெறலாம், யாரைப் பெறக் கூடாது என்று கணக்குப் போட்ட சங்கம். சியால்கோவ்ஸ்கியின் எழுத்திலும் அந்த வாடை உண்டு. நல்லதோ கெட்டதோ, இவர்கள் அத்தனை பேரும் பேசியது அரசியல்தான். மறைக்கவும் இல்லை.

இப்போது விண்வெளி. அங்கே நிலைமை இன்னும் கறார். எடையின்மையில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் எலும்பு கரைகிறது. அதைத் தடுக்கத் தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சி செய்கிறார்கள். கண்ணின் பின்பக்கம் வீங்குகிறது. செவ்வாய்க்குப் போகும் வழியில் கியூரியாசிட்டி கலத்துக் கருவி எடுத்த அளவுப்படி, போக வர மட்டுமே 660 மில்லிசீவர்ட் அளவுக்குக் கதிர்வீச்சு படும். நாசா தன் வீரர் ஒருவருக்குப் பணிக்காலம் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பே 600. அப்புறம் செவ்வாய் என்ன, தென்னந்தோப்பா? காற்றழுத்தம் இங்கிருப்பதில் ஒரு சதவீதம்கூட இல்லை, மண்ணில் பெர்குளோரேட் நஞ்சு. பூமிக்கு வெளியே இதுவரை ஒரு மனிதக் குழந்தை பிறந்ததில்லை.

அதனால்தான் உடம்பை மாற்று என்கிறார்கள். இதை நேர்மையாகக் கடைசிவரை யோசித்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். மாபெரும் மரபியலாளர், இடதுசாரி, இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேஸ்வரில் இறந்தவர். 1962இல் லண்டனில் நடந்த கூட்டத்துக்கு எழுதிய உரையில், விண்கலத்தில் காலுக்கு வேலையில்லை என்றார். காலில்லாதவர் எடை குறைவு, சோறு குறைவு, ஆக்சிஜன் குறைவு. தாலிடோமைடு மாதிரி ஒரு மருந்து, கைகளை விட்டுவிட்டுக் கருவில் கால்களை மட்டும் தடுக்குமானால், வேறு நட்சத்திரத்துக்குப் போகும் முதல் கலத்தின் ஆட்களை அப்படித் தயார் செய்யலாம் என்றார். தாலிடோமைடால் கைகால் குறைபட்டுப் பிறந்த குழந்தைகளின் படங்களைப் பார்த்து ஐரோப்பா அலறிக்கொண்டிருந்த நேரம் அது.

கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகவா என்பதை விடுங்கள். கருவிலேயே கால் எடுக்கப்பட்ட அந்தப் பிள்ளை பெரியவனாகி, 'எனக்குப் பூமியில் நடக்க ஆசை' என்றால் என்ன சொல்வோம்? செய்யப் போகும் வேலைக்கு ஏற்ற உடம்பைப் பிறப்பிலேயே கொடுத்து, அந்த வேலையை விட்டு வெளியேற முடியாதபடி ஆக்குவதற்கு நம் ஊரில் ஒரு பெயர் உண்டு. அதற்காகச் சாத்திரம் எழுதினார்கள், தீட்டு எழுதினார்கள், இத்தனை எழுதியும் உடம்பில் அதை எழுத அவர்களால் முடியவில்லை. யார் காலும் யார் காலும் ஒரே கால்தான் என்ற ஒரு சாட்சியை வைத்துக்கொண்டுதான் நாம் வாதாடி வந்திருக்கிறோம். அந்தச் சாட்சியையும் கலைத்துவிடலாம் என்கிற கொள்கை அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று ஒரு தமிழ் மேடையில் கைதட்டல் வாங்குகிறது.

அங்கே போனால் அரசாங்கத் தொல்லையாவது விட்டதா? அமெரிக்க முதலீட்டாளர் பீட்டர் தீல் 2009இல் வெளிப்படையாகவே எழுதினார்: சுதந்திரமும் ஜனநாயகமும் ஒத்துப்போகும் என்ற நம்பிக்கை தனக்கு இல்லை, அரசியலிலிருந்து தப்பிக்க இணையவெளி, விண்வெளி, கடலில் மிதக்கும் குடியிருப்பு என்று மூன்று வழி. முதுமை ஒழிப்பு ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தவரும் இவர்தான். ஸ்டார்லிங்க் இணைய இணைப்புக்கான நிபந்தனைகளிலேயே, செவ்வாயில் பூமியின் எந்த அரசுக்கும் அதிகாரமில்லை என்று ஒரு விதி இருப்பதை 2020இல் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். வீட்டுக்கு வைஃபை வாங்குகிறவன் செவ்வாயின் அரசியல் சட்டத்துக்குக் கையெழுத்துப் போடுகிறான். 1967 விண்வெளி உடன்படிக்கையோ தனியார் அங்கே செய்வதற்கும் அவரவர் நாட்டு அரசே பொறுப்பு என்கிறது.

சட்டத்தை விடுங்கள், காற்றைப் பார்ப்போம். பூமியில் சர்வாதிகாரியால் எதையும் பிடுங்க முடியும், மூச்சை மட்டும் மீட்டர் போட்டு விற்க முடியாது. கோபித்துக்கொண்டு காட்டுக்குப் போனவன்கூட அங்கே மூச்சு விடுவான். செவ்வாயில் ஒவ்வொரு மூச்சும் ஒரு இயந்திரத்திலிருந்து வர வேண்டும். அதன் வால்வு யார் கையிலோ அவர் ராஜா. சார்ல்ஸ் காக்கெல் என்ற பிரிட்டிஷ் விண்ணுயிரியலாளர் இதைப் பல வருஷமாக எழுதிவருகிறார். மேடைப் பேச்சாளர்கள் காதில் விழுவதில்லை.

விண்வெளி வீரர் செர்கெய் கிரிகலியொவ் கதை இன்னும் பலருக்குத் தெரியவில்லை. 1991 மே மாதம் சோவியத் யூனியனிலிருந்து மீர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். ஐந்து மாதத்தில் திரும்ப வேண்டியவர். கீழே நாடு உடைந்துகொண்டிருந்தது. ராக்கெட் ஏவுதளம் இருப்பதோ கஜகஸ்தானில். அவர்களைச் சமாதானப்படுத்த அக்டோபர்க் கலத்தில் ஒரு கஜகஸ்தான் வீரருக்கு இடம் கொடுத்தார்கள். இன்னொரு இடம் காசு கொடுத்த ஆஸ்திரியாவுக்கு. கிரிகலியொவுக்குப் பதிலாக நீண்டகாலம் தங்கப் பயிற்சி பெற்ற ஆளுக்கு இடமில்லை. ஆகவே, நீங்களே இருங்கள் என்றார்கள்; சரி என்றார். அவர் சுற்றிச் சுற்றி வரும்போதே சொந்த ஊரான லெனின்கிராடு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆயிற்று, டிசம்பரில் அவரை அனுப்பிய நாடே இல்லாமல் போயிற்று. 311 நாள் கழித்து, 1992 மார்ச் 25 அன்று சுதந்திர கஜகஸ்தான் மண்ணில் இறங்கினார். அரசியலைத் தாண்டி மேலே போனவர் என்றால் அன்றைக்கு அவர்தான். எப்போது இறங்கலாம் என்பதைத் தீர்மானித்தது அரசியல்.

பழைய கதை என்றால், 2025 ஜூன் மாதத்துக்கு வாருங்கள். எலான் மஸ்குக்கும் டொனால்டு டிரம்புக்கும் சமூக ஊடகத்தில் வாய்ச்சண்டை. ஒப்பந்தங்களை ரத்து செய்வேன் என்றார் டிரம்ப். விண்வெளி நிலையத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் டிராகன் கலத்தை நிறுத்தத் தொடங்குவேன் என்றார் மஸ்க். சில மணி நேரத்தில் வாபஸ் வாங்கிவிட்டார். அந்தச் சில மணி நேரமும் மேலே மனிதர்கள் இருந்தார்கள், அவர்கள் இறங்குவதற்கான வண்டிகளில் ஒன்று அது.

தத்துவத்தின் தரப்பையும் கேட்டுவிடலாம். நிக் பாஸ்ட்ராம் 2003இல் ஒரு கட்டுரை எழுதினார்: விண்வெளிக் குடியேற்றம் தாமதமாகும் ஒவ்வொரு வினாடியும் பிறந்திருக்கக்கூடிய எண்ணற்ற உயிர்கள் பிறக்காமல் போகின்றன. வேகத்தைவிட அழியாமல் பிழைப்பது முக்கியம் என்றுதான் அவர் முடிக்கிறார். ஆனால் கணக்கின் கட்டமைப்பைப் பாருங்கள். தராசின் ஒரு தட்டில் இன்னும் பிறக்காத கோடானுகோடிப் பேரை ஏற்றியபின், மறுதட்டில் இன்றைக்குப் பசியோடு இருக்கிற கோடிக்கணக்கானவர்களை வைத்தாலும் அசையாது. பிறக்காதவர்கள் வாய் திறந்து பேசவும் மாட்டார்கள். யார் அவர்கள் பேரைச் சொல்கிறாரோ அவருக்கே வக்காலத்து. இத்தனை வசதியான கட்சிக்காரர்கள் எந்த வக்கீலுக்கும் கிடைத்ததில்லை.

விண்கல் மோதினால் என்ன செய்வாய் என்பார்கள். 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் கலம் டைமார்ஃபஸ் என்ற 160 மீட்டர் விண்கல்லில் போய் மோதி, அதன் சுற்றுக்காலத்தை அரை மணி நேரத்துக்கு மேல் குறைத்தது. வருகிற கல்லைத் தள்ளிவிடுவதில் பூமியில் இருக்கும் அத்தனை பேரும் பிழைப்பார்கள். டைனோசர்களை அழித்த கல் விழுந்த மறுநாள்கூடப் பூமியில் மூச்சுவிடக் காற்று இருந்தது.

மனிதகுலம் தன்னைத் திருத்திக்கொண்டதில் இதுவரை பெரியது எது என்று கேட்டால், நான் சில்லையோ ராக்கெட்டையோ சொல்ல மாட்டேன். பெரியம்மை போனதைச் சொல்வேன். 1958இல் உலக சுகாதார நிறுவனத்தில் அதை முன்மொழிந்தது சோவியத் யூனியன். பிறகு திட்டத்தை முன்னின்று நடத்தியவர் ஒரு அமெரிக்கர். ஒருவரை ஒருவர் அணுகுண்டால் மிரட்டிக்கொண்டிருந்த இரண்டு நாடுகள். இந்தியாவில் கடைசி நோயாளி 1975 மே, உலகில் இயற்கையாக நேர்ந்த கடைசித் தொற்று 1977இல் சோமாலியாவில்.

அம்மாவின் கையில் தோளுக்குக் கொஞ்சம் கீழே அம்மை குத்திய தழும்பு இருக்கிறது, பழைய நாலணா அகலத்துக்கு, சுருங்கி. என் கையிலும் ஒன்று. மகள் கையில் இருப்பது வேறு, காசத்துக்குப் போட்ட ஊசி; அவளுக்கு அம்மை குத்த வேண்டிய தேவையே வரவில்லை. குத்தினவர் யார் என்று அம்மாவைக் கேட்டேன். "பேரெல்லாம் யாருக்குத் தெரியும்? முனிசிபாலிட்டி ஆளு. சைக்கிள்ல வருவாரு. சின்னச் சக்கரம் மாதிரி ஒண்ணு வச்சிருப்பாரு, தோள்ல வச்சு ஒரு திருகு. நான் பத்தாயத்துக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டேன். விடலையே, கணக்கு நோட்டுல என் பேரு இருந்துச்சு."